கோட்டின் மேல் நடந்து வந்தோம்

கண்ணு, பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று ஊரே டம்ளரும் கரண்டியுமாகக் கோயிலுக்கு ஓடியதே, அந்த வருஷம். தீபாவளியை ஒட்டிக் காலையிலேயே சூரிய கிரகணம் பிடித்து, மிச்சம் இருந்த முறுக்கு டப்பாவின் மேலெல்லாம் உன் அம்மா தர்ப்பைப்புல்லைப் போட்டு வைத்த வருஷம். நாம் குடியிருந்த கணபதியில், தெருமுனை மளிகைக்கடைக்காரர் அரிசி மூட்டைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, கண்ணாடிக் கூண்டு ஒன்று கட்டி எஸ்.டி.டி. பூத் வைத்ததும் அப்போதுதான். அந்தக் கார்த்திகையில் நீ ஒரு மலையைத் தாண்டினாய். போன வாரம் பெங்களூரிலிருந்து போன் செய்து, இமயமலைப் பக்கம் நடக்கப் போகிறேன், வாழ்க்கையில் இதுதான் எனக்கு முதல் மலை என்றாய். இல்லை. இது உனக்கு இரண்டாவது மலை. முதல் மலையை என் தோளில் உட்கார்ந்து, என் தலைமுடியைக் கடிவாளம் மாதிரிப் பிடித்துக்கொண்டு தாண்டினாய். அப்போது உனக்கு மூன்று வயதுகூட ஆகவில்லை, அதனால் ஞாபகம் இருக்காது. எனக்கு இருக்கிறது. அதைத்தான் எழுதுகிறேன். எழுதுகிறேன் என்பது பேச்சுக்குத்தான். நான் சொல்லச் சொல்ல, காதர் பாயின் மகன் தன் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து டைப் அடிக்கிறான். உன் கூட நடக்கப் போகிறவர்களுக்கும் இதைப் படித்துக் காட்டு, ரகசியம் ஒன்றும் இல்லை.

ஜி.பி.எஸ். இல்லாமல், கையில் ஒரு பேப்பர் மேப்பும் போனில் இறக்கி வைத்த ஒரு மேப்பும் மட்டும் வைத்துக்கொண்டு நடப்பதாகத் தீர்மானித்திருக்கிறோம், மேப்பைப் பார்த்து முன்னால் போகிற வேலை எனக்கு என்று சொன்னாய். சொல்லிவிட்டு, "உங்களுக்கு மேப் பார்க்கத் தெரியுமாப்பா?" என்று கேட்டுச் சிரித்தாய். நியாயமான கேள்விதான். பஸ்ஸில் போர்டு படிக்கத் தெரியாமல் கண்டக்டரைக் கேட்டு ஏறுகிறவன் நான். பள்ளிக்கூடத்து வாசலோடு திரும்பி வந்தவன். ஆனால் எண் தெரியும், அளவு தெரியும், கோடு தெரியும். பவுண்டரிக்கு மரத்தில் பேட்டர்ன் செய்கிறவனுக்கு இந்த மூன்றும் இல்லாவிட்டால் சோறு இல்லை. மரத்தில் நான் எந்த உருவத்தைச் செதுக்கிக் கொடுக்கிறேனோ, அதை மண்ணில் அழுத்தி எடுத்து, அந்தக் குழியில் இரும்பை உருக்கி ஊற்றுவார்கள். பம்பு வெளியே வரும்.

நம் வீட்டில் டிவிக்குப் பக்கத்தில் ஒரு மரக்கட்டை இருக்கிறதே, நீ கப்பல் என்று சொல்லி வாளித் தண்ணீரில் மிதக்க விட்டு என்னிடம் திட்டு வாங்கினாயே, அதை ஞாபகப்படுத்திக்கொள். அது பம்பு பேட்டர்னில் ஒரு துண்டு. ஒரே மரத்தில் செய்தால் வெயிலுக்கு முறுக்கிக்கொள்ளும் என்று மெல்லிய பலகைகளை ஒன்றின் மேல் ஒன்றாகப் பசை போட்டு அடுக்கி, காய்ந்த பிறகு செதுக்குவோம். செதுக்கி முடித்தால், பசை இருந்த இடமெல்லாம் கோடு கோடாகத் தெரியும். செங்குத்தாக இறங்கும் பக்கத்தில் கோடுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். சாய்வாக இறங்கும் பக்கத்தில் விலகி விலகி, அகலமாக ஓடும். கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் விரலுக்குத் தெரியும். மலை மேப்பில் வளைந்து வளைந்து போகும் கோடுகளும் அதுவேதான். மலையைப் பலகை பலகையாக அடுக்கிச் செய்ததாக நினைத்துக்கொள், அவ்வளவுதான். நெருங்கியிருந்தால் மூச்சு வாங்கும், விலகியிருந்தால் பேசிக்கொண்டே நடக்கலாம்.

இதை எனக்குக் கண்ணில் காட்டியவர் காதர் பாய். பம்புக் கம்பெனி டிராயிங் ஆபீசில் படம் வரைகிறவர். உக்கடத்துக்காரர். அவர் வரைந்து கொடுப்பதை நான் மரத்தில் செய்வேன். அந்த வருஷம் அவர்கள் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தது, கூடவே பேனாவைத் தானே பிடித்துக்கொண்டு பெரிய தாளில் படம் போடும் ஒரு மெஷினும். கை பழகுவதற்காக பாய், யாரிடமோ இரவல் வாங்கிய பழைய சர்வே மேப் ஒன்றைப் பலகையில் ஒட்டி, ஒவ்வொரு கோட்டையும் புள்ளி புள்ளியாகத் தொட்டுத் தொட்டுக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றியிருந்தார். பெரியநாயக்கன்பாளையத்துக்கு மேற்கே இருக்கும் மலையும், அதற்கு அந்தப் பக்கமும். மேப்பை உடையவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, மெஷின் போட்டுக் கொடுத்த தாளை மட்டும் சுருட்டிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தார். தாளில் எழுத்தே இல்லை. "எழுத்துப் போட உக்காந்தா ராத்திரியாயிடும் மேஸ்திரி, கோடு மட்டும் போதும்னு விட்டுட்டேன்" என்றார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. எனக்கென்றே ஒருவர் போட்டுக் கொடுத்த மாதிரி, எழுத்தில்லாத மலை. அன்று முழுவதும் தரையில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எழுத்தோடு எண்ணும் போயிருக்கிறது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. பாய்க்கும் உறைக்கவில்லை.

இனி எங்களை மலையைத் தாண்ட வைத்த கல்யாணத்துக்கு வருகிறேன். அந்த மலைக்கு அந்தப் பக்கம் அடிவாரத்தில்தான் உன் அம்மாவின் ஊர், கோம்பைப்புதூர். நாம் மலையைத் தாண்டிய நாளுக்கு மறுநாள் உன் மாமன் பொன்னுச்சாமிக்கு முகூர்த்தம். முந்தின நாள் சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டில் இணைச்சீர். மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் புதுச்சேலை கட்டிப் பக்கத்தில் நின்று செய்ய வேண்டிய சீர் அது. அந்தச் சீர் இல்லாமல் நம் பக்கம் கல்யாணம் நகராது. உடன்பிறந்தவள் வராவிட்டால் பங்காளி வீட்டுப் பெண் ஒருத்தியை அந்த இடத்தில் நிறுத்துவார்கள், கல்யாணமும் நடந்துவிடும். ஆனால் நின்றவள்தான் சாகும்வரை அக்கா. உன் அம்மாவுக்கும் அவள் பெரியப்பாவுக்கும் ஏதோ ஒரு பேச்சில் முறுக்கிக்கொண்டு, அவள் அந்த ஊர் வாசலை மிதித்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. பெரியப்பாதான் அந்த வீட்டுக்குப் பெரியவர். பொன்னுச்சாமி தனியாக நம் வீட்டுக்கு வந்து, அழைப்பிதழை வைத்துவிட்டுச் சொன்னான்: "அக்கா, நீ வந்து நின்னாத்தான் எனக்கு இணைச்சீர். வௌக்கு வெக்கற நேரம் வரைக்கும் நான் பேசி நிறுத்தி வெக்கறேன். அதுக்கு மேல பெரியப்பன் அவரு புள்ளைய நிறுத்தீருவாரு. என்னால ஒண்ணும் பண்ண முடியாது." அவன் போன பிறகு உன் அம்மா பெட்டியைத் திறந்து புதுச்சேலையை எடுத்து மடித்து வைத்தாள்.

இரண்டு நாள் முன்னாலேயே போயிருக்க வேண்டும். உனக்குக் காய்ச்சல், போகவில்லை. சீர் அன்றைக்கு விடியற்காலையில் உனக்குக் காய்ச்சல் விட்டது, வெளியே அடைமழையும் விட்டது. கிளம்பி பஸ் ஸ்டாண்டுக்குப் போனால், மலையைச் சுற்றிக்கொண்டு போகும் ரோட்டில் ஒரு பாலம் ராத்திரி வெள்ளத்தில் போய்விட்டது, அந்தப் பக்கம் ஒரு வண்டியும் போகாது என்றார்கள். உன் அம்மா பஸ் ஸ்டாண்டு சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்து, சேலைப் பையை மடியில் வைத்துக்கொண்டு மலை இருக்கும் திக்கையே பார்த்தாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் சமாதானம் சொல்லி வீட்டுக்குக் கூட்டி வந்திருப்பேன்.

கல்யாணத்துக்கு எங்களோடு வருவதாகச் சொல்லியிருந்த காதர் பாய் அப்போதுதான் வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்டார். "சுத்திப் போக வழி இல்லீன்னா நேராப் போலாம் மேஸ்திரி. மலை எங்க இருக்குதுன்னு எனக்கும் உங்களுக்கும் தெரியும்ல?" என்றார்.

"பாய், புள்ளையத் தூக்கிட்டா?"

"புள்ள என்ன கனம் இருக்கப்போவுது. நீங்க பாதி, நான் பாதி."

உன் அம்மா எழுந்துவிட்டாள். "ஏனுங்க, அந்தத் தாள எடுத்துட்டு வந்துருங்க. எங்கூர்ல முந்தியெல்லாம் ஆம்பளைங்க மலை மேல வந்துதான் சந்தைக்குப் போவாங்களாமா. ஆம்பளைங்க காலுக்குத் தனியா லாடம் ஒண்ணும் அடிச்சிருக்கலீல்ல" என்றாள்.

அந்தக் காலத்தில் காட்டுக்குள் போக யாரையும் கேட்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரியாது. நீ கேள். அனுமதி வாங்கிக்கொண்டு போ. யானை அன்றைக்கு எங்களைப் பார்க்காமல் விட்டது எங்கள் சாமர்த்தியம் இல்லை.

பெரியநாயக்கன்பாளையத்தில் இறங்கி அடிவாரத்திலிருந்து மேலே கோயில் வரைக்கும் வண்டித்தடம் உண்டு. அதற்கு மேப் வேண்டியதில்லை. நெற்றியில் நாமத்தோடு இறங்கி வருகிறவர்களே வழி சொல்வார்கள். கோயில் வாசலில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டோம். பாய் உனக்குத் தயிர்சாதம் ஊட்டினார். அதற்கு மேல் ஒரு பெரிய மேடு, சமதளமாகப் புல் படர்ந்தது. அதைத் தாண்டி மேற்கே யாரும் போவதில்லை. அங்கேதான் தாளை விரித்தோம். கோயிலுக்கு பாய் ஒரு கட்டம் போட்டிருந்தார், கோம்பைப்புதூருக்கு ஒரு வட்டம். இரண்டுக்கும் நடுவே, புல்மேட்டின் மேற்கு ஓரத்தில் தொடங்கி, குதிரை லாடத்தை லாடத்துக்குள் லாடமாக அடுக்கியது மாதிரிக் கோடுகள். வளைந்த மூக்கு எங்கள் பக்கம், திறந்த வாய் ஊர்ப் பக்கம். நட்டநடுவில் ஒரு மெல்லிய கோடு நேராக அந்த வட்டத்துக்கு அருகே போனது. நான் வீட்டிலேயே முடிவு செய்து வைத்திருந்தேன்: இது நீளமான ஒரு திமில், நடுவில் ஓடுவது அதன் முதுகில் போகும் தடம். முதுகிலேயே நடந்தால் ஈரம் இருக்காது, முள் இருக்காது, ஊர் வந்துவிடும். "இது தடந்தானுங்களா பாய்?" என்று கேட்டேன். "நம்ம மெஷினுக்கு ஒரு பேனாதான் மேஸ்திரி. எல்லாமே கறுப்பா வந்துருது. தடம்னுதான் நெனைக்கறேன்" என்றார். தொழும் திசை பார்க்க அவர் எப்போதும் சட்டைப்பையில் வைத்திருக்கும் சின்னத் திசைகாட்டியைத் தாளின் மேல் வைத்து, தாளைத் திருப்பி முள்ளோடு சேர்த்து நிறுத்தினார். நீயும் முதலில் அதைச் செய். எந்த மேப்பாக இருந்தாலும், மலை எப்படிக் கிடக்கிறதோ அப்படி மேப்பைப் படுக்க வை. போனில் இருக்கும் மேப் உன்னோடு சேர்ந்து தானே சுற்றும், ஆளை ஏமாற்றிவிடும். வடக்கை மேலே கட்டி நிறுத்தி வைத்துப் பார்.

புல்மேடு முடியும்போது மஞ்சு இறங்கியது. பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியவில்லை. நான் உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தேன். ஏற்றம் தொடங்க வேண்டிய இடத்தில் கால் இறக்கத்தில் போனது. சின்னப் பள்ளமாக இருக்கும், தாண்டினால் ஏறும் என்று நடந்தேன். இன்னும் இறங்கியது. இரண்டு பக்கமும் பாறை உயர்ந்துகொண்டே வந்தது. கீழே எங்கேயோ தண்ணீர் சத்தம். கால் நின்றுவிட்டது. திமில் மேல் நடக்கிறவனுக்கு இரண்டு பக்கமும் ஆகாசம் அல்லவா இருக்க வேண்டும்?

"என்ன மேஸ்திரி?" என்றார் பாய்.

"மலையக் காணமுங்க" என்றேன். வேறு என்ன சொல்வது?

உன் அம்மா தாளை என் கையிலிருந்து வாங்கினாள். அவளுக்கும் எழுத்துத் தெரியாது, மேப்பும் தெரியாது. ஆனால் சின்ன வயதில் ஆடு ஓட்டிக்கொண்டு அந்த ஊர் ஓடை ஓரமாகவே வளர்ந்தவள். நடுவில் இருந்த மெல்லிய கோட்டின் மேல் விரலை வைத்து நகர்த்தினாள். "ஏனுங்க, இதுல இந்தப் பக்கமிருந்து ஒண்ணு வந்து சேருது. அந்தப் பக்கமிருந்து ஒண்ணு வந்து சேருது. அத்தனையும் எங்கூர்ப் பக்கமாவே சாஞ்சு சாஞ்சு வந்து சேருது பாருங்க. தடம்னா இப்படி வராதுங்க. ஆளுன்னா நாலு பக்கமும் போவாங்க. தண்ணிதானுங்க ஒரே பக்கமாப் போவும். இது ஓடைங்க. எங்கூரு ஓடை." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "இது பாறையில இருந்து கீழ உழுவுமுங்க. அதுல எறங்குனா நாளைக்கு நம்மளத்தான் ஊர்ல எறக்குவாங்க" என்றாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பேட்டர்ன் என்பது புடைப்பு. ஆனால் இரும்புக்குள் ஓட்டை வேண்டுமென்றால், அதற்கு கோர் பாக்ஸ் என்று குழிவாக ஒன்றைச் செய்வோம். அதையும் பலகை அடுக்கித்தான் செதுக்குவோம். அதிலும் அதே பசைக்கோடு, அதே வளைவு. இரண்டையும் தாளில் வரைந்தால் ஒன்றைப் போலவே இருக்கும். பக்கத்தில் அளவு எண் இருந்தால்தான் எது மேடு, எது குழி என்று தெரியும். வாழ்நாள் முழுவதும் திமில் செதுக்கிய கண்ணுக்கு, எண் இல்லாத வளைவைப் பார்த்ததும் திமிலாகவே தெரிந்திருக்கிறது. நாங்கள் நின்றது கோர் பாக்ஸுக்குள். ஊர்ப்பெயரிலேயே கோம்பை இருக்கிறது. மூன்று பக்கமும் மலை அடைத்த பள்ளத்தைத்தான் கோம்பை என்கிறோம். அதைக்கூட யோசிக்காமல் வந்திருக்கிறேன். பாயிடம் சொன்னேன். அவர் சிரிக்கத் தொடங்கினார். "மலையவே உள்வெளியாத் திருப்பிப் போட்டுட்டீங்களே மேஸ்திரி. தங்கச்சி மட்டும் வரலீன்னா நாம ரெண்டு பேரும் அருவியாப் போயிருப்போம்." நீயும் என் தோளில் இருந்து கைதட்டிச் சிரித்தாய். எதற்கென்று உனக்குத் தெரியாது.

நடுவில் இருப்பது குழி என்றால், இரண்டு பக்கமும் நான் குழி என்று ஒதுக்கி வைத்திருந்தவை மேடுகள். மனதுக்குள் தாளை மறுபடி செதுக்கினேன். இந்தத் தடவை சரியாக உட்கார்ந்தது. தெற்குப் பக்கத்து மேட்டில் கோடுகள் அகலம் அகலமாக விலகி இறங்கின. புள்ளையோடு நடக்க அதுதான் தோது. ஆனால் ஒரு தடவை ஏமாந்தவன் உடனே நடந்துவிடக் கூடாது. மேப் சொல்வதை மலையும் சொல்ல வேண்டும். "உங்கூர்ல இருந்து பாத்தா இந்தப் பக்கம் என்ன தெரியும்?" என்று உன் அம்மாவைக் கேட்டேன். "காளை படுத்திருக்கற மாதிரி நீளமா ஒரு மேடு தெரியுமுங்க. அதும் மேல சொட்டப் பாறை ஒண்ணு, எங்க பெரியப்பன் தலையாட்டம்" என்றாள். தாளில் அந்த மேட்டின் நடுவே சின்னதாக ஒரு மூடிய வளையம் இருந்தது. இறங்கி வந்த வழியே திரும்பிப் புல்மேட்டுக்கு வந்து, திசைகாட்டியைப் பார்த்து, ஓரத்தைப் பிடித்துக்கொண்டே தெற்கே போய், மேட்டின் முதுகில் ஏறினோம். கொஞ்ச தூரத்தில் மஞ்சுக்குள்ளிருந்து அந்தப் பாறை வந்தது. வழுவழுவென்று, மழையில் நனைந்து, அசல் பெரியப்பா தலை. உன் அம்மா அதைத் தட்டிக் கொடுத்துவிட்டு நடந்தாள்.

கண்ணு, அந்த முதுகில் நடந்த நடையைத்தான் உனக்குச் சொல்ல ஆசை. மஞ்சு கிழிந்து, இரண்டு பக்கமும் ஆகாசம் திறந்தது. வலது பக்கம் கீழே நாங்கள் இறங்கவிருந்த பள்ளம், அதன் முனையில் வெள்ளைத் துணியைத் தொங்க விட்டது மாதிரி அருவி. தாளில் கோடு எங்கே விலகியதோ அங்கே கால் லேசானது, எங்கே நெருங்கியதோ அங்கே முழங்கால் சொன்னது. விரலால் தடவியதைக் காலால் தடவிக்கொண்டு போனேன். எழுத்துத் தெரியாதவன் என்று ஒருவன் இருப்பதே மறந்துவிட்டது. ஒரு பெரிய எழுத்தின் மேலேயே நடந்து போகிற மாதிரி இருந்தது. கீழிருந்து ஒலிபெருக்கியில் நாதஸ்வரம் கேட்டபோது உன் அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடவே ஆரம்பித்துவிட்டாள். பாய் பின்னாலிருந்து, "தங்கச்சி, மெதுவா, கோடு நெருங்குது" என்று கத்தினார்.

பந்தலுக்குள் நாங்கள் நுழைந்தபோது விளக்கேற்றத் திரி திரித்துக்கொண்டிருந்தார்கள். பெரியப்பாவின் மகள் புதுச்சேலை கட்டித் தயாராக நின்றாள். உன் அம்மாவின் பாதம் முழுக்கச் சேறு, தலையில் புல். பெரியப்பா மேலும் கீழும் பார்த்தார். "பாலந்தான் போயிருச்சே, எந்த வழியா வந்தீங்கொ?" என்றார்.

"கோட்டு மேலயே நடந்து வந்தோமுங்க பெரியப்பா" என்றாள் உன் அம்மா. "வார வழியில உங்களையும் பாத்துட்டுத்தான் வந்தோம்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பாய் சிரிப்பை அடக்க முடியாமல் பந்தல்காலைப் பிடித்துக்கொண்டார். பெரியப்பாவின் மகள்தான் முதலில் நகர்ந்தாள். "அக்கா, காலக் கழுவீட்டு வா. சேலை கட்டறதுக்கு நான் வாரேன்" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். விளக்கு வைத்தபோது பொன்னுச்சாமிக்குப் பக்கத்தில் உன் அம்மா நின்றாள். அவன் கண் நிறைந்துவிட்டது, அவள் கண் நிறையவில்லை. ஜெயித்தவள் எப்படி நிற்பாளோ அப்படி நின்றாள். அன்றைக்கு முன் பந்தியில் பெரியப்பா தன் பக்கத்தில் பாயை உட்கார வைத்து, தாளை விரிக்கச் சொல்லி, "இதுல என்ற ஊடு எங்கீங்க?" என்று கேட்டுக்கொண்டே சாப்பிட்டார். அந்த முறுக்கல் அதோடு தீர்ந்தது.

அடுத்த வாரம் பாய் மேப்பின் அசலை மறுபடியும் இரவல் வாங்கி, ஒவ்வொரு கோட்டுக்கும் உயரத்தின் எண்ணைப் போட்டு, ஓடைகளின் மேல் நீலப் பேனாவால் கையாலேயே இழுத்து எனக்கு வேறு தாள் கொடுத்தார். அதனால் சொல்கிறேன். உன் போனில் இருப்பதும் யாரோ ஒரு காதர் பாய் உட்கார்ந்து தொட்டுத் தொட்டு ஏற்றியதுதான். அவர் விட்டது அதில் இருக்காது. எழுத்து இல்லாமல் நடக்கலாம், எண் இல்லாமல் நடக்காதே. கிளம்புவதற்கு முன்னால் பேப்பரையும் போனையும் பக்கத்தில் வைத்து, ஒன்றில் இருப்பது மற்றொன்றில் இருக்கிறதா என்று பார். தண்ணீர் எந்தப் பக்கம் போய்ச் சேருகிறது என்று கேள். கால் ஒன்று சொல்லி மேப் ஒன்று சொன்னால், நின்றுவிடு. கூட வருகிறவர்களில் மேப் தெரியாதவர் கையிலும் அதை ஒரு தடவை கொடு. முன்னால் போகிறவள் நீதான், அதனால் மலையை நீ மட்டும் பார்த்தால் போதும் என்று நினைத்துவிடாதே.

பெரியப்பா போய்ச் சேர்ந்துவிட்டார், அந்தப் பாறைதான் அவர் அடையாளமாக நிற்கிறது. பொன்னுச்சாமி போய்விட்டான். காதர் பாய் நோன்பு மாதத்தில் போனார். அந்தத் திசைகாட்டியை அவர் மகன் எடுத்துக் கொடுத்திருக்கிறான், இதோடு அனுப்புகிறேன், சட்டைப்பையில் வைத்துக்கொள். உன் அம்மா சாந்தாமணி போய் இந்தக் கார்த்திகையோடு இரண்டு வருஷம். நான் இருக்கிறேன், ஆனால் என் முழங்கால் எனக்கு முன்னாலேயே போய்விட்டது, என்னைக் கணக்கில் சேர்க்காதே. அன்றைக்கு அந்த மலையைத் தாண்டியவர்களில் இன்னொரு மலையைத் தாண்ட மிச்சம் இருப்பது ஒரே ஒருத்தி: நீ, தேன்மொழி.